எந்தக் குழுவில் சேர்ப்பது? கேட்டவர்களுக்கு எங்கள் பதில்



தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வரவு செலவுப் பதிவு தனியா வரும். பொருளாளர் இன்னும் ரெண்டு ரசீதுக்குக் காத்திருக்கிறார். இன்னிக்கு எழுதுறது வேற விஷயம்.

கடந்த சில மாதமாக, அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்திலும், பூசை முடிந்து செருப்பு தேடும் இடத்திலும், புலனத்திலும் பெற்றோர் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்க மகள் ஸ்குவாஷ் ஆடுறாளாமே, எந்த கிளப்? தேர்வுக்குப் போனீங்களா? மாசம் எவ்வளவு ஆகுது? பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிவருமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போச்சு. அதனால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரே பதிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தே ஓ ஒண்ணு கலக்கிட்டு வந்து படிங்க.

பினாங்கில் ஒரு பெண்பிள்ளை ஸ்குவாஷ் மட்டையைக் கையில் எடுத்தாலே அடுத்து வரும் பெயர் நிக்கோல் டேவிட். நம்ம ஊரில் 1983இல் பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா சீனர். கிரீன் லேன் கான்வென்ட் மாணவி. 1998இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 15. பிறகு 8 முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகத் தரவரிசையில் முதலிடம். புக்கிட் டும்பாரில் இருக்கும் ஸ்குவாஷ் மையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். அந்த வழியா காடியில் போகும்போதெல்லாம் ஒரு அப்பாவோ அம்மாவோ பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து "பாத்தியா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அடுத்த பெயர் சிவசங்கரி சுப்ரமணியம். 1999இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், நமக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை. 2018 ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் நிக்கோலையே எதிர்த்து ஆடி வெள்ளி வாங்கினார். 2022 ஜூனில் பெரிய கார் விபத்து. கழுத்திலும் முகத்திலும் எலும்பு முறிவு. அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டிக்கே போக முடியவில்லை. 2023இல் ஹாங்சோவில் ஆசியத் தங்கம், அடுத்த ஆண்டு லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டம். அவர் ஜெயித்த மறுவாரம் நம்ம கோயிலில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று எங்களுக்கு நினைவிருக்கிறது. அதோடு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாகச் சேர்கிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் அந்த முடிவு வந்தது. அதன் பிறகுதான் "எந்த கிளப்?" என்ற கேள்வி எங்களுக்கு அதிகமாக வர ஆரம்பித்தது.

ரெண்டு பேர் மீதும் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் பிள்ளையை அடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கு எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்விக்கு அவர்கள் வாழ்க்கையில் பதில் கிடைக்காது. உங்க வீட்டு வரவு செலவு, உங்க பிள்ளையின் குணம், உங்க அலுவல் நேரம், இதையெல்லாம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்படிப் பார்த்தோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

எங்கள் மகளுக்கு 12 வயது, ஆண்டு 6. ஸ்குவாஷ் ஆரம்பித்தது பள்ளிப் புறப்பாட நடவடிக்கையில். அவள் முதலில் கேட்டது பூப்பந்து. அங்கே இடம் இல்லாததால் ஆசிரியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு ஆண்டு பள்ளியில் ஆடினாள், மாவட்டப் போட்டி வரை போனாள். இதற்கு மேலே போக வேண்டுமானால் வெளியே பயிற்சி வேண்டும் என்றார் ஆசிரியை. உண்மைதான். மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளிகள் விளையாட்டு, அதற்கப்புறம் சுக்மா என்று ஏணி நீளமானது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பள்ளியில் ஆடி அந்த ஏணியில் ஏற முடியாது.

எங்களுக்கு முன்னால் இரண்டு கதவு இருந்தது. ஒன்று, வசதியான ஒரு தனியார் கிளப்பின் போட்டிக் குழு. நல்ல ஆடுகளம், வெளிநாட்டில் ஆடிய பயிற்றுநர், கோலாலம்பூர் போட்டிகளுக்கு நிறையப் போவார்கள். இன்னொன்று, குறைந்த கட்டணத்தில் வார இறுதியில் நடக்கும் ஒரு பயிற்சிக் குழு. ஆடுகளத்தில் ஒரு பக்கம் விளக்கு மங்கல். பயிற்றுநர் ஒரு அம்மா, முன்னாள் மாநில ஆட்டக்காரர். ரெண்டுக்கும் பெயர் சொல்ல மாட்டோம், தனிச் செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டோம். ரெண்டிலும் நம்ம கோயில் பிள்ளைகள் இருக்காங்க.

ரெண்டு இடத்திலும் தேர்வு உண்டு. முதுகில் ஒட்டுநாடாவால் எண் ஒட்டுவார்கள். எங்கள் மகள் கிளப்பில் 27. ஓட்டம் முதலில். பிறகு பந்தே இல்லாமல் மட்டையோடு ஆறு மூலைக்கும் ஓடி ஓடி நடுவுக்குத் திரும்புவது, அதற்கு கோஸ்டிங் என்று பெயர். பேய் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஆளுக்குப் பத்து நிமிடம் ஆட்டம். 9 வயதுப் பிள்ளையும் 13 வயதுப் பிள்ளையும் ஒரே நாளில். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெற்றோர் எல்லாம் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். தங்கள் பிள்ளை பந்தைத் தவறவிட்டால் ஒரு அப்பா நெற்றியில் அடித்துக்கொள்கிறார். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது தெரிகிறது. கண்ணாடி ரெண்டு பக்கமும் தெரியும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அங்கே நின்றபோது எங்களுக்குப் பட்டதை இங்கே சொல்ல வேண்டும். தேர்வில் முதலில் கண்ணில் படுவது உயரம். எங்கள் மகள் நவம்பரில் பிறந்தவள். பள்ளிப் போட்டியில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் வயதுப் பிரிவு. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் இவளுக்கும் பத்து மாத வித்தியாசம். 12 வயதில் பத்து மாதம் என்பது சிலருக்கு ஒரு சாண் உயரம். 1980களில் கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுபவர்களின் பிறந்த மாதத்தை உளவியலாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் கொஞ்சம்தான். திறமை ஜனவரியில் அதிகமா பிறக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய உடம்பைத் திறமை என்று எடுத்து, அதற்கே நல்ல பயிற்சி கொடுத்து, கடைசியில் அதுவே திறமையாகவும் ஆகிவிடுகிறது. அதனால் உங்கள் பிள்ளை ஒரு பட்டியலில் இல்லை என்றால், அவள் பிறந்த மாதத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

பட்டியல் எப்படி வந்தது தெரியுமா? இரவு 11.20க்கு, 80 பேர் இருக்கும் புலனக் குழுவில், ஒரு படமாக. பெயர், அதற்கு எதிரே முதல் அணி, இரண்டாம் அணி, காத்திருப்பு, அல்லது கோடு. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. கோடு போட்ட பிள்ளைகளின் அம்மாக்களும் அதே குழுவில்தான் இருந்தார்கள். உடனே கைதட்டும் படங்களும் பட்டாசுப் படங்களும் வரிசையாக விழுந்தன. ஒரு அம்மா மட்டும் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினார். எங்கள் மகளுக்கு முதல் அணி. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா வெளியேறியதை ரெண்டு பேருமே பார்த்தோம். மறுநாள் காலை செய்தி: 48 மணி நேரத்துக்குள் 500 வெள்ளி முன்பணம், திரும்பக் கிடைக்காது. ஒரு பயிற்சி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோமே என்று கேட்டோம். வரிசையில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

இன்னொரு இடத்தில் அவளுக்குக் கிடைத்தது காத்திருப்பு. அந்தப் பயிற்றுநர் அம்மா போன் பண்ணினார். ஏன் என்று சொன்னார். பின்கை அடியில் மணிக்கட்டு மடங்குகிறது, நடுவுக்குத் திரும்புவதில் சோம்பல். காத்திருப்பில் இருக்கும் பிள்ளைகளும் சனிக்கிழமை வந்து ஆடலாம், போட்டிக்கு மட்டும் போக முடியாது என்றார். ஆக ஒரு பக்கம் முதல் அணி, 500 வெள்ளி, 48 மணி நேரம். இன்னொரு பக்கம் காத்திருப்பு.

பணத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். கிளப்பில் எங்களுக்குச் சொன்ன மாதக் கட்டணம் 380 வெள்ளி. சட்டை, பை தனி. போட்டிக்குப் பதிவுக் கட்டணம் தனி. கோலாலம்பூருக்கு ஒரு வழி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெட்ரோல், டோல், ரெண்டு இரவு தங்கல், சாப்பாடு, அதுவும் விரதக் காலமாக இருந்தால் சைவச் சாப்பாடு தேடி அலைச்சல். முதல் சுற்றிலேயே தோத்துட்டா 25 நிமிட ஆட்டத்துக்கு 700 கிலோமீட்டர் ஓட்டம். தரையில் கறை படாத அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். வளரும் பிள்ளைக்கு அது எட்டு மாதம் தாங்கினால் பெரிது. மட்டை நரம்பு அறுந்தால் கட்ட வேண்டும். நம்மில் ஒருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, இன்னொருவர் கிளினிக்கில். கூடுதல் நேர வேலை இருக்கிற மாதம் ஒரு கணக்கு, இல்லாத மாதம் வேறு கணக்கு.

எங்கள் மகனுக்கு இந்த ஆண்டு எஸ்.பி.எம். மூன்று பாடத்துக்குப் பிரத்தியேக வகுப்பு போகிறான். அந்தக் கட்டணமும் கிளப் கட்டணமும் கிட்டத்தட்ட ஒரே தொகை. ரெண்டும் சேர்ந்தால் எங்களால் முடியாது. இதை நாங்கள் சமையலறையில் மெதுவாகத்தான் பேசினோம். ஆனால் நம்ம அடுக்குமாடி வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் சாப்பிடும்போது அவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "எனக்கு வரலாறு டியூஷன் வேணாம்லா. யூடியூப்ல பாத்துக்கறேன்." அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அவனுக்கு வரலாறுதான் பலவீனம். எஸ்.பி.எம்.மில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. ஒரு பிள்ளையின் மட்டைக்கு இன்னொரு பிள்ளையின் பாடத்தை அடகு வைக்கக் கூடாது என்பது அந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது. தங்கைக்காக அவனே அதைக் கேட்டான் என்பதுதான் எங்களைப் போட்டு ஆட்டியது.

சிலர் சொல்கிறார்கள், "செலவு இல்லங்க, முதலீடு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துல ஸ்குவாஷுக்கு உதவித்தொகை கொடுக்கிறாங்க." சிவசங்கரி கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடியவர் என்பது சரி. ஆனால் கார்னெல், ஹார்வர்ட், யேல் எல்லாம் ஐவி லீக் என்ற கூட்டமைப்பு. அந்த எட்டுப் பல்கலைக்கழகமும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஆட்டம் சேர்க்கைக்குக் கைகொடுக்கலாம், அதற்கும் பாடத்தில் மதிப்பெண் வேண்டும். நம்ம நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்துக்கு மாவட்ட, மாநில அளவு விளையாட்டு உதவும், சீருடை இயக்கமும் உதவும். 12 வயதில் 380 வெள்ளி கட்டுவதற்கு இதைக் காரணமாகக் காட்டுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இந்த அவசரம் நம்ம ஊருக்கு மட்டும் உரியதில்லை. எங்கள் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு லக்ரோஸ் என்ற ஆட்டம். நீளமான கம்பு, நுனியில் வலை, பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி கோல் போடுவது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம், பிறகு கல்லூரிகளுக்குப் போனது. அதுவும் 2028 ஒலிம்பிக்கில் வருகிறது, ஸ்குவாஷ் சேர்க்கப்பட்ட அதே கூட்டத்தில்தான் அதற்கும் இடம் கிடைத்தது. அங்கேயும் கிளப் அணி, கோடையில் தேர்வு, ஒன்று இரண்டு மூன்று என்று அணிப் பிரிவு, முன்பணத்துக்குக் கெடு. ஒரு காலத்தில் 13, 14 வயதுப் பெண்பிள்ளைகளிடமே கல்லூரிப் பயிற்றுநர்கள் இடம் பேசி முடித்துவிடுவார்களாம். அது எல்லை மீறிப் போனதால் 2017இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதி போட்டது, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதி வரை லக்ரோஸ் பயிற்றுநர்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசவே கூடாது என்று. அக்கா சொன்னது: "விதி வந்ததும் கல்லூரிதான் காத்திருக்குது. கிளப்பு காத்திருக்கல." எங்கள் 48 மணி நேரக் கதையைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது 24 மணி நேரமாம்.

இப்போது "பொம்பளப் பிள்ளைக்குச் சரிவருமா" என்ற கேள்வி. எங்கள் வீட்டில் பாட்டிக்கு இரண்டு கவலை. ஒன்று வெயிலில் கறுத்துப்போவாள் என்பது. ஸ்குவாஷ் நாலு சுவருக்குள் ஆடுவது, வெயிலே படாது என்றதும் பாட்டிக்கு ஏமாற்றமாகிவிட்டது, நல்ல காரணம் ஒன்று கைநழுவியதே என்று. இரண்டாவது குட்டைப் பாவாடை. இது சிரிக்கிற விஷயம் இல்லை. பெரியவளான பிறகு பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்கு உடையும், மாதவிலக்கும், கழிவறையும்தான் பெரிய காரணம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, திடீரென்று "படிப்பு அதிகம்" என்று நின்றுவிடுவார்கள். நம்ம கோயில் கோலாட்டக் குழுவிலேயே பார்த்திருக்கிறோமே. அதனால் ரெண்டு இடத்திலும் நேரா கேட்டோம்: நீளக் காற்சட்டை, உள்கால்சட்டை போட்டு ஆடலாமா? அந்த நாட்களில் பிள்ளை யாரிடம் சொல்வாள்? ஒரு இடத்தில் பயிற்றுநர் தர்மசங்கடமாகப் பார்த்து "அம்மாக்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். இன்னொரு இடத்தில் அந்த அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் இருந்தது.

வெளியூர்ப் பயணத்தில் யார் கூட வருவார்கள், அறையை எப்படிப் பிரிப்பார்கள், பயிற்றுநர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவாரா, இதையும் கேட்டோம். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளையிடம் நைசாகப் பேசி நம்பிக்கை வளர்த்து வசப்படுத்துவதையே குற்றம் என்கிறது. நல்ல பயிற்றுநருக்கு இந்தக் கேள்வியால் கோபம் வராது. பெற்றோரும் இருக்கிற குழுவில்தான் செய்தி, தனிச் செய்தி கிடையாது என்று அவரே விதி வைத்திருப்பார்.

கண்ணாடி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 4 சென்டிமீட்டர். கண்குழிக்குள் கச்சிதமாகப் புகும் அளவு. பெரிய பந்து மோதினால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் தாங்கிக்கொள்ளும், இது நேரே கண்ணைத்தான் அடிக்கும். பக்கத்தில் மட்டையும் சுழல்கிறது. உலக ஸ்குவாஷ் சம்மேளனத்தின் ஜூனியர் போட்டிகளில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பார்வைக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி இதற்கு ஆகாது, உடைந்தால் அதுவே ஆபத்து. பாலிகார்பனேட் வில்லை உள்ளதுதான் வேண்டும். பயிற்சியின்போது கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளை ஆடவிடும் இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் நாங்கள் வாசலோடு திரும்பிவிடுவோம்.

எத்தனை மணி நேரம் என்பது அடுத்தது. கிளப்பில் வாரம் நாலு நாள், போட்டி மாதத்தில் ஐந்து, "மற்ற விளையாட்டு வேண்டாம்" என்று ஒரு வரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் சொன்னது, ஒரே விளையாட்டில் முழுசாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள் என்று. அங்குள்ள விளையாட்டுப் பயிற்சி மருத்துவத் துறையினர் இன்னும் எளிமையாகச் சொல்கிறார்கள்: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் மகளுக்கு 12. அவளுக்கு நீச்சலும் பிடிக்கும், பள்ளியில் ஓட்டமும் உண்டு. எல்லாம் சேர்த்தால் 12 தாண்டிவிடும். நிக்கோல் சின்ன வயசிலேயே ஆரம்பிச்சாரே என்று கேட்பீர்கள். ஆமாம். அவரைப் போல ஆரம்பித்து 16 வயதில் முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெயரை எந்த மையத்துக்கும் வைப்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

ஞாயிறு காலை தேவார வகுப்பு இருக்கிறதே என்றும் சிலர் கேட்டார்கள். கோயில் தொண்டூழியர்களான நாங்கள் என்ன செய்தோம் என்று பார்க்கிறார்கள் போல. வகுப்பு ஆசிரியரிடமே கேட்டோம். போட்டி இருக்கிற ஞாயிறு வேண்டாம், அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னால் அரை மணி நேரம் வரட்டும் என்றார். முடிந்தது. தைப்பூச விரதக் காலத்தில் முட்டை, கோழி இல்லாமல் எப்படி ஆடுவாள் என்ற கேள்விக்குப் பருப்பும் தயிரும் தெம்பேயும் போதுமானதாக இருந்தது.

கடைசியில் மகளையே கேட்டோம். உடனே பதில் வேண்டாம், நாளைக்குச் சொல் என்றோம். அவள் பதில் சொல்லவில்லை, எங்களிடம் கேள்வி கேட்டாள்: "அங்க நான் தோத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?" கிளப்பில் விசாரித்துச் சொன்னோம். மாதம் ஒருமுறை வரிசை மாறும், கீழே போனால் இரண்டாம் அணி, பயிற்றுநர் வேறு, கட்டணம் அதே. "அப்ப இன்னொரு இடத்துல?" அங்கே நீ இப்பவே கீழேதான் இருக்கே, இன்னும் கீழே போக இடமில்லை என்றோம். கொஞ்சம் சிரித்தாள். ஆனாலும் அவளுக்குக் கிளப்தான் வேண்டும் என்றிருந்தது. அவள் உயிர்த்தோழி அங்கே சேர்ந்துவிட்டாள், நீலச் சட்டையில் படமும் போட்டுவிட்டாள்.

நாங்கள் கிளப்புக்கு வேண்டாம் என்று எழுதினோம். காரணத்தை அவளிடம் மறைக்கவில்லை. பணம், அண்ணன் பரீட்சை, வாரத்துக்கு ஐந்து நாள், எல்லாவற்றையும் சொன்னோம். 12 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கைச் சொல்லலாமா என்று உறவில் ஒருவர் கேட்டார். சொல்லாவிட்டால் தனக்குத் திறமை இல்லை என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள், அதைவிடக் கணக்கு மேல் என்று எங்களுக்குத் தோன்றியது. ரெண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஜெலுத்தோங் வரைக்கும் காடியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் "அந்த ஆன்ட்டிகிட்ட சனிக்கிழமை எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

ஐந்து மாதம் ஆகிறது. காத்திருப்பிலிருந்து குழுவுக்குள் வந்துவிட்டாள், ஒரு பிள்ளை கோலாலம்பூருக்குக் குடிபோனதால் காலியான இடம். மணிக்கட்டு இப்போது மடங்குவதில்லை. போன மாதம் பள்ளிப் போட்டியில் அதே தோழியோடு ஆட வேண்டி வந்தது. 3-0 என்று தோற்றாள். அந்தப் பிள்ளை நிஜமாகவே முன்னேறியிருக்கிறாள், பந்து சுவரை ஒட்டி ஒட்டிப் போகிறது, எங்கள் மகளால் தொடவே முடியவில்லை. அந்த கிளப்பின் பயிற்சி நல்ல பயிற்சி. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். வசதியும் நேரமும் இருந்து, பிள்ளைக்கும் அந்த அழுத்தம் பிடித்திருந்தால் அங்கே சேர்ப்பதில் எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தோற்ற அன்று இருவரும் ஒன்றாகத்தான் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "மூணாவது செட்ல எனக்கு ஏழு புள்ளி" என்று பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டிக்குப் புள்ளி என்றால் கோலம்தான், ஏழு புள்ளிக் கோலம் நல்ல கோலமாச்சே என்றார்.

மகனின் எஸ்.பி.எம். முடிந்ததும் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுவோம். அவளுக்கு அப்போது 13. கிளப் தேர்வு திரும்ப வரும். போவதா வேண்டாமா என்று இப்போதே எதுவும் பேசி வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கருத்துப் பகுதியில் கிளப் பெயர்களை எழுதாதீர்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இன்னொன்று. நம்ம கோயில் அலுவலகத்தில் ரெண்டு பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது, ஒன்று சின்னது, ஒன்று நடுத்தரம். எங்கள் மகளுக்குச் சிறுத்துப்போன காலணி ரெண்டு ஜோடியும் அங்கேயே வைத்திருக்கிறோம், அடிப்பாகம் நல்லா இருக்கு. தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டு, துடைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் யாராவது இருப்போம். உங்க வீட்டிலும் மட்டையோ காலணியோ சும்மா கிடந்தால் கொண்டுவாங்க, பையில் பிள்ளையின் வயதையும் காலணி அளவையும் எழுதி ஒட்டிவிடுங்க.